மகரந்தத் தூள் உரைக்கும் சாட்சி

குழந்தை தும்மத் தொடங்கியதும், முற்றத்துச் செம்பருத்தியின் மீதோ பூச்சாடியிலுள்ள மலர்க்கொத்தின் மீதோ பழி சுமத்துவது நம் இல்லங்களில் வழக்கம். ஆனால் கண்கவர் மலர்களுள் பெரும்பாலானவை இக்குற்றத்திற்கு உரியவை அல்ல. வண்ணமும் தேனும் காட்டித் தேனீயை அழைக்கும் பூவின் மகரந்தம் பசைத்தன்மை உடையது. காற்றில் வெகுதூரம் செல்லாது. புல்லினங்களும், களைகள் சிலவும், மரங்கள் பலவும் காற்றையே தூதாக நம்பிக் கண்ணுக்குப் புலப்படாத தூளை அளவின்றி இறைக்கின்றன. மகரந்தத்தால் நேரும் தும்மலுக்கும் இளைப்புக்கும் பெரும்பாலும் அத்தூளே காரணம்.

இதனை ஐயமறக் காட்டியவர், தாமும் அந்நோயால் அல்லலுற்ற மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. பிசுபிசுப்பான திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளை வெட்டவெளியில் வைத்து, ஒட்டிய துகள்களை நாள்தோறும் எண்ணினார். பட்டத்தில் கட்டி வானிலும் பறக்கவிட்டார். தூள் மிகுந்த நாட்களில் நோயும் மிகுந்தது. தம் ஆய்வை 1873-இல் நூலாக வெளியிட்டார். இன்று பல நாட்டு நகரங்களில், ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை துகள்கள் உள்ளன எனக் கருவிகளால் கணக்கிட்டு மக்களுக்கு அறிவிக்கின்றனர்.

இத்தூளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் புறத்தோடு எளிதில் அழிவதில்லை. காற்றுப்புகாச் சதுப்புச் சேற்றில் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உருக்குலையாமல் கிடக்கும். தோட்டின் வடிவமோ இனத்துக்கு இனம் வேறுபடும். ஆகவே, சேற்றின் அடுக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், எக்காலத்தில் எம்மரங்கள் அங்கு நின்றன என அறியலாம். சுவீடன் நாட்டு அறிஞர் லென்னார்ட் வான் போஸ்ட் இம்முறையை 1916-இல், இன்றைய ஆஸ்லோ நகரில், அறிஞர் அவைமுன் விளக்கினார்.

நம் நீலகிரியிலும் இச்சாட்சி கிடைத்திருக்கிறது. அம்மலையின் புல்வெளிகள் மனிதன் காடழித்ததால் உண்டானவை எனப் பலர் கருதினர். பயனற்ற தரிசு என்றெண்ணி அங்கே சீகை மரங்களையும் தைல மரங்களையும் நட்டனர். ஆனால் அங்குள்ள சதுப்புகளில், 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளிலும் புல்லின் மகரந்தம் காணப்படுகிறது. உழவனும் கோடரியும் வருமுன்னரே அப்புல்வெளிகள் இருந்தன. அவற்றை மீட்கும் பொருட்டு, இப்போது அந்நிய மரங்களைச் சில இடங்களில் அகற்றி வருகின்றனர்.

செம்பருத்திக்கும் புல்வெளிக்கும் நேர்ந்தது ஒன்றே: விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு. பெற்றோரே, பிள்ளைக்கு மூச்சிளைப்பு வந்தால் செடியைப் பிடுங்க விரையாதீர்கள். எம்மாதத்தில், எவ்வேளையில், எவ்விடத்தில் அது வந்தது என நாட்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையெனில் அவர் தோல் சோதனை செய்து காரணத்தைத் தேடுவார். ஆண்டு முழுவதும் தொல்லை நீடித்தால் வீட்டுத் தூசியும் பூஞ்சையும்கூடக் காரணமாகலாம். சாட்சியைக் கேட்டபின் தீர்ப்பளிப்பதே நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் நலம்.