வெளியூர் ஓட்டப் போட்டி: மருந்தும் உணவும் உடன் செல்பவரும்

கோவையில் 2013ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் மாரத்தான் ஓட்டம், அந்நகரின் புற்றுநோய் அறக்கட்டளைக்குத் துணைநிற்பதற்காகத் தொடங்கப்பெற்றது. இத்தகைய ஓட்டங்களில் இளைஞர்கள் மட்டுமன்றி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர்களும், சிகிச்சை முடிந்து உடல்நலம் தேறியவர்களும் ஆர்வத்துடன் பங்கேற்கின்றனர். மருத்துவர் இசைவளித்து, பயிற்சியும் முறையாக நடந்திருப்பின், இது வரவேற்கத்தக்கதே. எனினும், உள்ளூரில் நாள்தோறும் ஓடுவதற்கும் வெளியூர் சென்று ஓடுவதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. போட்டி நாளில் உறக்கம், உணவு, மருந்து ஆகிய மூன்றின் நேரமும் ஒருசேர மாறிவிடுகின்றன. பயணத் திட்டம் இம்மாற்றத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

நம் நாட்டில் வெப்பத்தைத் தவிர்ப்பதற்காக, பெரும்பாலான ஓட்டங்கள் விடியுமுன்னரே தொடங்குகின்றன. ஓட்டம் காலை 5 மணிக்கு எனில், 4.15 மணிக்குள் திடலை அடைதல் நன்று. சாலைகள் அடைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், விடுதியிலிருந்து 3.30 மணிக்கே புறப்பட வேண்டியிருக்கும். சிற்றுண்டி 2.45 மணிக்கு, விழிப்பது 2.30 மணிக்கு. ஆகவே, முன்னிரவு 8 மணிக்குள் படுக்கைக்குச் செல்ல வேண்டும். போட்டிக்கு முந்தைய மாலையில் ஊர் போய்ச் சேரும் பயணம் இதற்கு இடந்தராது. முந்தைய நாள் நண்பகலுக்குள் சென்றடைவதே பொருத்தம். பங்கேற்பாளர் எண் அட்டையைப் பெரும்பாலும் முந்தைய நாளே நேரில் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் கருத்திற் கொள்க. தொடக்க இடமும் முடிவிடமும் வேறாயிருப்பின், இரண்டுக்கும் எட்டும் தொலைவில் தங்குமிடம் அமைதல் நலம்.

மருந்தின் நேரம்

வழக்கமாகக் காலை 8 மணிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்கு, அந்நேரம் ஓட்டத்தின் நடுவிலோ முடிவிலோ வந்துவிடும். மருந்தை முன்கூட்டியே எடுப்பதா, பின்னர் எடுப்பதா, அளவைக் குறைப்பதா என்பதைத் தாமாக முடிவு செய்யலாகாது. புறப்படுவதற்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன்படி ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்தில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். பயிற்சியில் உண்டு பழகாத உணவைப் போட்டியன்று புதிதாக உண்ணலாகாது.

மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டியில் இன்சுலினை விட்டுச் செல்லாதீர்கள். உறைநிலைப் பெட்டியிலும் வைக்காதீர்கள். இரண்டுமே அதன் ஆற்றலைக் கெடுக்கும்.

மூட்டு வலிக்கு அஞ்சி, ஓட்டத்திற்கு முன் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை விழுங்குவது ஆபத்தானது. நீர்ச்சத்துக் குறைந்த வேளையில் இவை சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன.

சர்க்கரையும் தண்ணீரும்

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள், தொடங்குமுன் இரத்தச் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 90 மி.கி.க்குக் கீழ் இருப்பின், மாவுச்சத்து உண்ட பின்னரே ஓட வேண்டும். முதல் வகை நீரிழிவு உடையவர்களுக்கு 250 மி.கி.யைக் கடந்திருப்பின், கீட்டோன் பரிசோதிக்காமல் ஓடலாகாது.

ஓடும்போது சர்க்கரை தாழ்ந்தால் அதனைக் கண்டறிவது கடினம். வியர்வை, படபடப்பு, களைப்பு ஆகியவை ஓட்டத்தாலும் வருவனவே. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களிடம் படபடப்பும் நடுக்கமும் வெளிப்படாமலே போகலாம். எனவே, ஐயம் தோன்றினால் நின்று, 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை எடுத்துக்கொண்டு, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஓடுபவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். உடன் வந்தவரின் பையில் இருந்து பயனில்லை.

தண்ணீர் மிகுதியாகக் குடிப்பதும் தீங்கே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியவர்களிடமும், நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடியவர்களிடமும் இக்குறை மிகுந்து காணப்பட்டது. தாகத்திற்கேற்பக் குடியுங்கள். நீர் அளவு வரையறுக்கப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உடன் செல்பவர் செய்ய வேண்டியவை

• எண் அட்டையின் பின்புறத்தில் நோயின் பெயர், மருந்துகள், ஒவ்வாமை, தங்கள் கைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள்.

• சந்திக்கும் இடத்தை முதல் நாளே நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். ‘முடிவிடத்தில் சந்திப்போம்’ என்பது கூட்டத்தில் பயன்படாது.

• மருத்துவ முகாம் எங்குள்ளது என அறிந்துகொள்ளுங்கள். எதிர்பார்த்த நேரத்தைக் கடந்து அரை மணியாகியும் அவர் வரவில்லையெனில், எண்ணைக் கூறி அங்கு விசாரியுங்கள்.

• பேச்சில் குழப்பமும் தடுமாற்றமும் தென்பட்டால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரைத் தாழ்வு, வெப்ப வாதம், சோடியம் குறைவு ஆகிய மூன்றிலும் பேச்சும் நடத்தையும் மாறக்கூடும். உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். உடல் கொதித்தால், உதவி வரும்வரை குளிர்ந்த நீரை ஊற்றி உடலைக் குளிர்வியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊட்டாதீர்கள்.

• விழுந்தவர் அழைப்புக்கு எழாமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால், 108க்குச் சொல்லி, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள்.

திரும்பும் பயணம்

ஓட்டம் முடிந்த பின்னும், அன்றிரவு உறக்கத்திலும்கூடச் சர்க்கரை தாழலாம். இரவுப் பேருந்திலோ இரயிலிலோ திரும்புபவர்கள் உறங்குமுன் அளந்து பார்த்து, சிற்றுண்டியும் குளுக்கோஸும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பின் கால் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். ஆகவே, இடையிடையே எழுந்து சிறிது நடங்கள். ஓடியவரே வண்டியை ஓட்டி வருதல் கூடாது.

நிற்கவும் திட்டமிடுங்கள்

போட்டிக்கு முந்தைய நாள்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஓடாதீர்கள். ஓடும்போது மார்பில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் அவ்விடத்திலேயே நின்றுவிடுங்கள். கட்டணம் செலுத்தி, அறை எடுத்து, குடும்பத்துடன் இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே என்ற எண்ணமே பலரையும் நிற்கவிடாமல் தடுக்கிறது. ஆதலின், எந்த அறிகுறி தோன்றினால் நிற்பது என்பதை, வீட்டிலிருந்து புறப்படுமுன்னரே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் ஓட்டம் நடைபெறும். அதில் நலமுடன் கலந்துகொள்ளலாம்.