கிராஸ் பீஸ் மடிக்க ஒரு குட்டிச் சாமான்

கழுத்துக்கு கிராஸ் பீஸ் மடித்து மடித்து விரல் வலிக்கிறதா தோழிகளே? தையல் சாமான் கடையில் 'பயாஸ் டேப் மேக்கர்' என்று கேளுங்க. 18 மி.மீ. அளவுக்கு, மிச்ச காட்டன் துணியை 45 டிகிரி குறுக்கில், 3½ செ.மீ. அகலப் பட்டியாக வெட்டுங்கள். அகன்ற வாயில் நுழைத்து, குண்டூசியால் நெம்பி நுனியை இழுத்தால், இரண்டு ஓரமும் மடிந்தே வரும். வர வர அயர்ன் பாக்ஸால் அழுத்திக்கொண்டே போகணும்.

பழைய வேட்டிப் பட்டி வைத்து ஜபலா கழுத்து தைத்தால் பச்சைக் குழந்தைக்கு உறுத்தாது. மதிய வேளையில் இப்படி ஜபலா தைத்துக் கொடுக்கிறேன். மகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு இப்போ யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை!

அடுப்படிப் பிடிதுணிக்கு மட்டும் பாலியஸ்டர் பட்டி வேண்டாம், சூட்டில் உருகிடும்.

- ஒரு வாசகி, தேனி