பின்னணி முதலில் பாம்புக்கு, பிறகுதான் கேமராவுக்கு

வளர்ப்புப் பாம்பைப் படமெடுப்பவர்கள் பலரும் தேடுவது பச்சையைத்தான். பாசி படர்ந்த கட்டை, பெரணி இலை, தெளித்த நீர்த்துளிகள், நடுவே பாம்பு. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் 'பால் பைத்தான்' என்று கடைகளில் விற்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பை அப்படி வைத்தால், அது தலையை உள்ளே புதைத்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடுகிறது. அது பயம். கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகள்தான் அதன் ஊர். பகலெல்லாம் எலி வளையிலோ கரையான் புற்றிலோ ஒண்டிக்கிடந்து இரவில் வெளியே வரும் பிராணி அது. ஒதுங்க இடமில்லாத ஈரப் பச்சையில் அது நடுங்குவதை நாம் இயற்கை என்று படம்பிடிக்கிறோம். பின்னணி சரியாக அமைந்ததா என்று சொல்ல வேண்டியது பாம்புதான். அது உடலைத் தளர்த்தி, நாக்கை நீட்டி, மெல்ல நகரத் தொடங்கினால் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

மைசூருவை அடுத்த நஞ்சன்கூட்டில் இருந்துகொண்டு ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நம் மண்ணின் பாம்பையே எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே என்றும் தோன்றும். ஆனால் நல்லபாம்போ சாரையோ தண்ணீர்ப்பாம்போ, எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. வளர்ப்புப் பாம்பு என்றால் வெளிநாட்டு இனம்தான். அதிலும் பால் பைத்தான் போன்ற, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நல்லவேளையாக இந்த வட்டாரத்துச் செம்மண்ணும் காய்ந்த புல்லும் அந்தப் புல்வெளியின் நிறத்துக்கு வெகு அருகில் வருகின்றன. வயல் மண்ணில் பூச்சிமருந்து கலந்திருக்கும் என்பதால் அஸ்திவாரம் தோண்டிய இடத்து அடிமண் நல்லது. அதைச் சலித்து மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மூன்றடி நீளப் பிளாஸ்டிக் தட்டில் பின்பக்கம் மேடாகக் கொட்ட வேண்டும். தட்டின் விளிம்பு மண்ணுக்குள் மறைந்துவிடும். ஓரம் உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பாதி புதைத்தால் அதுவே வளை. பாம்பை உள்ளே விட்டுக் காத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் உடைந்த வாய் வழியாகத் தலை தானாக வெளிவரும். கேமராவைப் பாம்பின் கண்மட்டத்துக்கு இறக்கி, பாம்புக்கு ஒன்றரையடி பின்னால் பழுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் அது தூரத்துப் புதராக மங்கித் தெரியும். செதில் பளபளப்பதால் நேர் ஃபிளாஷ் வேண்டாம். வெள்ளைத் துணி வழியே வரும் ஜன்னல் வெளிச்சம் போதும்.

கார்ன் ஸ்நேக்குக்கு இந்தச் செம்மண் பொருந்தாது. அமெரிக்கத் தென்கிழக்கின் பைன் காட்டுப் பாம்பு அது. தோப்பில் உதிர்ந்த சவுக்கு ஊசிகளை வெந்நீரில் முக்கிக் காயவைத்துப் பரப்பினால் பைன் சருகு போலவே இருக்கும். பந்திப்பூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே போய்ச் சருகும் கட்டையும் அள்ளிவரக் கூடாது. அது புலிகள் காப்பகம், குற்றமாகிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, கபினி ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டு எடுத்தால் நிஜ இயற்கையே கிடைக்குமே என்பவர்கள் உண்டு. அந்தக் கரை நமக்குத்தான் இயற்கை, அந்தப் பாம்புக்கு அந்நியம். நழுவிப் புதரில் மறைந்தால், கண்டவர் அடித்துக் கொன்றாலும் கேடு, பிழைத்துப் பெருகினாலும் கேடு. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் வளர்ப்பிலிருந்து தப்பிய கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பல்லிகளைத் தின்று தீர்த்துவருகிறது. பாம்பு அசையாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது இன்னொரு கொடுமை. குளிரில் விறைத்துக் கிடப்பதை அமைதி என்று சொல்ல முடியாது.

ஜோடித்து எடுக்கும் படமே பொய்தானே என்ற ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. மைசூரு காரஞ்சி ஏரிக்கரையில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காடுகளை அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். அதை யாரும் பொய் என்பதில்லை, ஏனென்றால் மாதிரி என்பதை மறைக்கவில்லை. காட்டில் கண்டது போல் காட்டிக்கொள்ளும்போதுதான் படம் பொய்யாகிறது. பாம்புக்கும் படம் பார்ப்பவருக்கும் நேர்மையாக இருக்க, தோலுரிக்கும் முன் கண் வெளுத்திருக்கும்போதும், இரை தின்ற இரண்டு நாளுக்குள்ளும் பாம்பைத் தொடாதீர்கள்; பத்து நிமிடத்தில் படப்பிடிப்பை முடித்துவிடுங்கள்; படத்தின் கீழே இனத்தின் பெயரோடு 'வளர்ப்புப் பாம்பு, வீட்டில் எடுத்தது' என்று தவறாமல் எழுதுங்கள்.