பழைய குளிர்சாதனப் பெட்டியும் ஓசோன் படையும்



வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி திருத்த முடியாதபடி பழுதானால் என்ன செய்கிறோம்? பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் குழாயை வெட்டும்போது 'உஸ்' என்று வாயு வெளியேறுகிறது. பாலமுனைக் கடற்காற்றோடு அது போய்விட்டது என்று நினைக்கிறோம். எங்கே போகிறது?

முன்னைய காலப் பெட்டிகளில் இருந்தது சி.எஃப்.சி. வாயு. அது எளிதில் அழியாது. நாம் வாழும் வெப்ப மண்டலத்தில்தான் காற்று மெல்ல மேலெழுந்து, சுமார் 17 கிலோமீற்றருக்கு மேலுள்ள படைமண்டலத்தினுள் நுழைகிறது. அங்கிருந்து துருவங்களை நோக்கிச் சென்று கீழிறங்குகிறது. இப்பயணம் சில ஆண்டுகள் எடுக்கும். வழியில் சூரியக் கதிர் வாயுவை உடைக்க, வெளிப்படும் குளோரீன் ஓசோனை அழிக்கிறது.

காற்றோட்டத்தையும் இரசாயன மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்காக விஞ்ஞானிகள் வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வாயு வந்தது, எது போனது, எது எதுவாக மாறியது என்று கணனியில் கணக்கிடுகின்றனர். நாம் கொப்பியில் எழுதும் வீட்டு வரவு செலவு போன்றதுதான்.

கொப்பியில் ஒரு வரி விடுபட்டால் கணக்குப் பிழைக்கும் அல்லவா? 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைப் பிரித்தானிய விஞ்ஞானிகள் அறிவித்தனர். எந்தக் கணனியும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. கடுங்குளிரில் உருவாகும் முகில்களின் துகள்கள் மீது நிகழும் மாற்றம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பின்னர் அதையும் சேர்த்தார்கள்.

1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989இல் இலங்கையும் இணைந்தது. அது இல்லாதிருந்தால்? 2009இல் நாசா விஞ்ஞானிகள் கணனியிடம் இதையே கேட்டனர். 2065இல் உலக ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருக்கும் என்றது விடை. வெப்ப மண்டலமும் தப்பியிராது. தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகியிருக்கும்.

இப்போது காயம் ஆறிவருகிறது. உடன்படிக்கை பேணப்பட்டால் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், அந்தாட்டிக்காவில் 2066 அளவிலும் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்று 2022ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீடு கூறுகிறது.

ஆனால் சி.எஃப்.சி.க்குப் பதிலாக வந்த வாயுக்களிற் சில, ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் பூமியைச் சூடாக்குகின்றன. எனவே சகோதரிகளே, அடுத்த தடவை பெட்டியைத் திருத்தவோ எடுத்துச் செல்லவோ வருபவரிடம் கேளுங்கள்: "தம்பி, வாயுவைச் சிலிண்டரில் பிடிப்பீங்களா, காற்றில விடுவீங்களா?" பிடிக்கத் தெரிந்தவரிடமே பெட்டியைக் கொடுங்கள். நம் முற்றத்தில் வெளியேறும் வாயு, நாம் காணாத தேசங்களின் வானம்வரை போகிறது.