வழித்துணை என்னும் உறவு

திருவள்ளுவர் நட்பிற்கு ஐந்து அதிகாரங்களை ஒதுக்கியுள்ளார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என 79 முதல் 83 வரை அவை வரிசையுற அமைந்துள்ளன. அந்த ஐம்பது குறட்பாக்களில் ஆழ்ந்த நட்புக்கு இலக்கணம் உண்டு. பொய்யான நட்புக்கு எச்சரிக்கையும் உண்டு. இவ்விரண்டிலும் அடங்காத ஒன்று பல்கலைக்கழக வாழ்வில் உளது. விடுதி உணவுக்கூடத்தில் எதிரெதிரே அமர்ந்து உண்போம், நூலக வாயிலில் தலையசைப்போம், 'ஊருக்கு எப்போது?' என்று வினவிப் பிரிவோம். முகம் மட்டும் மலரும் இப்பழக்கத்தை வள்ளுவர் நட்பென ஏற்கார். தீ நட்பு என்று தள்ளவும் இயலாது. இதற்கு என்ன பெயரிடுவது?

அறிமுகம், பழக்கம், தோழமை, நட்பு, கேண்மை என உறவின் நெருக்கத்தைச் சுட்டத் தமிழில் சொற்கள் பல உள்ளன. நெடுநாள் நண்பர், கேளாமலே ஒன்றைச் செய்யும் உரிமையைக் 'கெழுதகைமை' என்று பழைமை அதிகாரம் பேசுகிறது. பல்கலைக்கழக வளாகத்துப் பழக்கத்தில் இல்லாதது இக்கெழுதகைமையே. அங்கு எவரும் எவரிடமும் எதையும் உரிமையோடு கேட்பதில்லை. அதனாலேயே அப்பழக்கம் எளிதாயும் இருக்கிறது. இதன் இயல்பை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று; இரயில் பெட்டியில்.

தில்லியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் நான் ஆய்வு மாணவனாக இருந்தேன். பருவ விடுமுறைதோறும் ஊர் திரும்பத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸையே நாடுவோம். 1976இல் ஓடத் தொடங்கிய வண்டி அது. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரவில் தில்லியை விட்டால் மறுநாள் முழுதும் ஓடி, மூன்றாம் நாள் காலையில் சென்னையை அடையும். போபாலில் காலை, நாக்பூரில் நண்பகல் கடந்த வேளை, பல்லார்ஷாவில் அந்தி, விஜயவாடாவில் நள்ளிரவு. சென்னையில் இறங்கியும் எங்களுள் பலருக்குப் பயணம் முடிவதில்லை; தென்மாவட்டத்தார் மற்றோர் இரவு வண்டிக்கு எழும்பூரை நோக்கி நடப்பர்.

பழக்கம் வழித்துணையாக மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் இரயில்வேயின் ஏற்பாடுகள் என்பது வியப்பு. முதலாவது சலுகைப் படிவம். சொந்த ஊருக்குச் செல்லும் மாணவர்க்குப் படுக்கை வகுப்பில் அரைக்கட்டணம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்குக் கால் கட்டணம். படிவத்தில் நிறுவனத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். அதற்காக அலுவலகத்தின் முன் நிற்கும் வரிசையில்தான் தலையசைப்பு முதன்முதலாகப் பேச்சாகும். ஒரே நாளில் படிவம் பெற்றவர்கள் சேர்ந்து முன்பதிவு செய்ய, ஒரே பெட்டியில் இடம் அமையும்.

இரண்டாவது, பெட்டியின் அமைப்பு. அன்றைய படுக்கை வகுப்புப் பெட்டியில் 72 படுக்கைகள்; எட்டெட்டாக ஒன்பது தடுப்புகள். நடுப்படுக்கையை இரவு ஒன்பது மணிமுதல் காலை ஆறு மணிவரையே விரிக்கலாம் என்பது அன்றைய விதி. பகலில் அதனை மடித்தாக வேண்டும்; மடித்தால் மூவரும் கீழிருக்கையில் அமர்ந்தாக வேண்டும். எதிரே மூவர், பக்கவாட்டில் இருவர். முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பகல் முழுவதும் அமர்ந்திருக்கும் எண்மர் எவ்வளவு நேரந்தான் வாய் மூடியிருப்பர்? குளிரூட்டிய பெட்டியின் திரைச்சீலைக்குப் பின்னால் இவ்வுறவு முளைப்பது அரிது என்பது என் கருத்து.

மூத்த மாணவர் இளையவர்க்கு வழி சொல்வார். ஆக்ராவில் பேட்டா வாங்கு, நாக்பூரில் ஆரஞ்சுக்கு விலை பேசு, இன்ன நிலையத்தில் தண்ணீர் பிடிக்க இறங்காதே. இப்பேச்சைக் கேட்ட ஒரு பயணத்தில்தான் எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். வளம் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனை வழியிற் கண்டு, இவ்வழியே செல்க, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என்று கூறுவான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துச் சுட்ட மீனும் ஆமூரின் நண்டு சேர்ந்த வெண்சோறும் இவ்வாறே சொல்லப்படுகின்றன. சொல்பவனும் கேட்பவனும் நண்பர் அல்லர். மீண்டும் சந்திப்பர் என்ற குறிப்பும் இல்லை. எனினும் மறைப்பதற்கு அவர்களிடையே ஒன்றுமில்லை. நட்பதிகாரங்களில் நான் தேடிக் காணாத உறவை முன்னோர் ஆற்றுப்படையில் வைத்துள்ளனர். வழித்துணை என்பதே அதற்குரிய பெயர் எனலாம்.

2002 டிசம்பர் முதல் வாரம்; ரமலானின் இறுதி நாள்கள். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. இரயில்வேயின் சலுகையை மகிழ்ந்து ஏற்ற நான், மார்க்கம் தந்த சலுகையை இளமைப் பிடிவாதத்தால் ஏற்கவில்லை. எதிர் இருக்கையில் வேதியியல் மாணவர் ஒருவர். ஓராண்டாகத் தலையசைப்புப் பழக்கம். அவர் பெயரை முழுதாக எவரும் சொல்வதில்லை; 'தேனியார்' என்றால் போதும். நாக்பூரில் ஆறு ஆரஞ்சு வாங்கியவர், தாமும் உண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார். பல்லார்ஷாவை நெருங்குகையில் வெளியே பார்த்து, "பாய், பொழுது இறங்கிவிட்டது. உங்கள் கடிகாரம் என்ன சொல்கிறது?" என்றார். நேரம் வந்ததும் ஓர் ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்த பின்னரே தமக்கென ஒன்றை எடுத்தார்.

அன்றிரவு தம் ஊருக்கு வழி சொன்னார். மதுரையில் பேருந்து ஏறி உசிலம்பட்டி கடந்தால் ஆண்டிபட்டிக் கணவாய். அதைத் தாண்டியதும் காற்று மாறும், உறங்கினாலும் உடல் அறிந்துகொள்ளும். தேனியில் வேறு பேருந்து. சின்னமனூர் கடந்து வாய்க்கால் பாலத்தில் இறங்கி, வயல் வழியே நடக்க வேண்டும். வாசலில் பெரிய முருங்கை நிற்கும் வீடு. "விடுமுறையில் ஒருமுறை வாருங்கள், அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன்" என்றார். வருகிறேன் என்றேன்.

சனவரியில் வளாகம் திரும்பினோம். மீண்டும் தலையசைப்பு. எனக்கு அது சற்று வருத்தமளித்தது. அவருக்கும் அவ்வாறே இருந்திருக்கலாம். இருவருமே சொல்லவில்லை. மார்ச்சு மாதம் உணவுக்கூடத்தில் அவரைக் காணவில்லை. தேர்வுக்காக அறையில் இருப்பார் என்று எண்ணினேன். மூன்று வாரம் கழிந்தே, அவர் படிப்பை விட்டு ஊர் சென்றுவிட்டார் என்று அறிந்தேன். காரணத்தை அடுத்த அறைக்காரரும் அறியவில்லை. கெழுதகைமை இல்லாத உறவாதலால் தேடிச் செல்ல உரிமையில்லை என்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன்.

ஆற்றுப்படையை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். வழி கேட்ட பாணன் போய்ச் சேர்ந்தானா என்று சென்ற பருவத்தில் ஒரு மாணவி வினவினாள். நூலில் அது இல்லையம்மா என்றேன். கணவாய், தேனி, சின்னமனூர், வாய்க்கால் பாலம், முருங்கை. வழி எனக்கு இன்னும் மறக்கவில்லை. மதுரைக்குத் தேர்வுப் பணிக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். உசிலம்பட்டிப் பேருந்தில் ஒருமுறையும் ஏறியதில்லை.