எட்டுப் பேருக்கு ஒரு வேன்

மே மாதக் கடைசி வாரத்தில் பார்சிலோனாவிலிருந்து ஒரு கப்பல் கிளம்பப் போகிறது. ஏழு இரவு. நேப்பிள்ஸ், ரோம், ஃப்ளாரன்ஸ், புரோவான்ஸ், மயோர்கா என்று மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பார்சிலோனாவுக்கே வந்து சேரும். இன்னும் பாஸ்போர்ட்டில் விசா விழவில்லை, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்த வேனில் எந்த ஜன்னல் பக்கம் உட்காரும் என்பது வரை முடிவாகிவிட்டது! ஒரே தேதிக்கு ஒரே கப்பலில் டிக்கெட் போட்ட, முன்பின் முகம் பார்த்திராத பதினாறு பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கூடி நடத்தும் கூத்து இது. அந்தப் பதினாறில் ஆறு பேர் நாங்கள். உள்ளே கூட்டிப்போய்க் காட்டாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமா அத்தை என்று நான் கூப்பிடும் மாமனார், மாமியார். லீட்ஸிலிருந்து இரட்டைப் பெண்களோடு ஒரு தம்பதி. இங்கிலாந்தில் மே கடைசியில் அரைப்பருவ விடுமுறை விடுகிறார்கள், எங்களுக்கோ முழுப் பரீட்சை லீவு, அதனால் தேதி அழகாக ஒத்துப்போனது. கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணவன் மனைவி. கேப்டவுனிலிருந்து அக்கா தங்கை. மெல்போர்னிலிருந்து ஓர் அப்பாவும் பதினாறு வயதுப் பையனும். எல்லோரும் ஒன்றாகப் பேச ஒரே ஒரு நேரம்தான் அகப்பட்டது. நம் ஊரில் ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணி. அப்போது லீட்ஸில் காலைக் காபி, கேப்டவுனில் நடுப்பகல், மெல்போர்னில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும், ஹாலிஃபாக்ஸில் விடிந்தும் விடியாமலும் இருக்கும். அந்தக் கனடா அம்மா கம்பளிப் போர்வையோடு வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்பாகக் கையசைக்கிறார்.

இவ்வளவு கூடிப் பேச என்ன இருக்கிறது, கப்பல்தான் கூட்டிப்போகிறதே என்று தோன்றலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கப்பல் கம்பெனியின் பட்டியலில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிதவெக்கியாவில். டிராஜன் பேரரசர் காலத்துத் துறைமுகம், கரையிலேயே மைக்கலாஞ்சலோ பெயரில் ஒரு கோட்டை, எல்லாம் சரி; ரோம் அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ‘ஃப்ளாரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. ஃப்ளாரன்ஸுக்கு இன்னும் 90 கிலோமீட்டர் போக வேண்டும். ‘புரோவான்ஸ்’ என்றால் மர்சேய். கிழக்குப் பக்கம் போகிற கப்பல்களிலும் இதே கதைதான்: ஒலிம்பியாவுக்குக் கட்டாகொலோன், எபேசுக்குத் துருக்கியின் குஷாடசி. இதை வீட்டில் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, ரோம்னு சொல்லி டிக்கெட் குடுத்துட்டு வேற ஊர்லயா இறக்கிவிடுவான்?”

“கடல் அதுவரைக்கும்தான் அத்தை இருக்கு. மிச்சத்துக்கு நாம வேன் வெக்கறோம்.”

“அப்ப சரி. எனக்கு முன் சீட்டு.”

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் திட்டம் போடுவதன் முழு ருசியும். கப்பலே நடத்தும் சுற்றுலாவில் பெரிய பேருந்தில் ஏற்றிப்போவார்கள். தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்ற நிம்மதி அதில் உண்டு. நாமாகப் போனால் செலவு பாதியாகும், நேரம் நம் கையில் இருக்கும். ஆனால் கப்பல் ஒரு நிமிடம் நிற்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓடிப் பிடிக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் குழுவின் முதல் சட்டம்: கப்பல் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் நிற்க வேண்டும். இரண்டாவது சட்டம்: அன்றன்றைய நிகழ்ச்சி நிரல் தாளைக் கேபினுக்குள் போட்டுவிட்டு வராமல் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தந்த ஊர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அதில்தான் அச்சாகியிருக்கும்.

இனி வேன். இத்தாலியில் ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் கறுப்பு வேன்களில் ஓட்டுநர் போக எட்டு இருக்கை. ஒன்பதாவது ஆள் வந்துவிட்டால் மினி பஸ், வேறு லைசென்ஸ், வேறு வாடகை. ஆகவே இங்கே உலகமே எட்டின் மடங்கில்தான் சுழல்கிறது! நாங்கள் ஆறும் ஹாலிஃபாக்ஸ் இருவரும் சேர்ந்ததும் ஒரு வேன் நிறைந்தது. லீட்ஸ் நால்வரும் கேப்டவுன் சகோதரிகளும் ஆறு. இரண்டு இருக்கை காலி. அந்த இரண்டுக்கு ஆள் தேடிய நாட்கள் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிய மாதிரிதான் போயின. மெல்போர்ன் அப்பா “நானும் மகனும் வரலாமா?” என்று எழுதிய அன்று குழுவில் விழுந்த பூங்கொத்துப் படங்களை எண்ணி முடியாது.

எக்செல் தாள் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் இந்த மனிதர்களின் அருமை புரியும். கேபின் எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், சைவமா அசைவமா, எந்த உணவு ஒவ்வாது, முழங்கால் படி ஏறுமா, பிறகு ஒரு பத்தி முழுக்கப் பிள்ளைகளின் உயரம். இத்தாலியில் 150 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். எத்தனை பூஸ்டர் இருக்கை வேண்டும் என்று வேன்காரர் முன்கூட்டியே கேட்கிறார். என் சின்னவளைக் கதவு நிலையில் நிறுத்தி, தலையில் ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். 128. அதே நேரத்தில் லீட்ஸில் இரட்டையரையும் ஒரு கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். 131, 129. “கொஞ்சத்துல தோத்துட்டாங்களே” என்று இவள் கொண்டாடியதும், குறைந்தவள்தான் தோற்றவள் என்று அண்ணன் விளக்கியதும், அதன் பின் நடந்த சண்டையும் தனிக் கதை.

ரோமில் ஒரே நாள். காலை எட்டுக்கு வேன் ஏறி, மாலை ஐந்துக்குத் துறைமுகம் திரும்பினால், சாலை நேரம் போக ஆறு மணி நேரம் மிஞ்சும். அந்த ஆறு மணி நேரத்துக்கு ஆறு வாரமாகப் பேச்சு! வத்திகான் அருங்காட்சியகமும் கொலோசியமும் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். கடைசியில் ஹாலிஃபாக்ஸ் அம்மாதான் முடிச்சை அவிழ்த்தார். முதல் வேன் வத்திகான், இரண்டாவது வேன் கொலோசியம், மதியச் சாப்பாட்டுக்கு டிராஸ்டெவெரேயில் பதினாறு பேரும் ஒரே மேசை, பிறகு டிரெவி நீரூற்று. அங்கே போடும் காசுகளை அள்ளி காரிட்டாஸ் அமைப்பின் வழியே ஏழைகளுக்குச் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்ததும், அத்தை தன் சுருக்குப்பையில் யூரோ சில்லறை சேர்க்கச் சொல்லிவிட்டார். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் சால்வை தேடிக்கொண்டிருக்க, ஆறு கஜம் புடவையில் அத்தைக்கு அந்தக் கவலையே இல்லை.

கொலோசியம் டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் திறக்கும், பெயர் போட்டு வரும், விறுவிறுவென்று தீரும். அன்று கணினி முன் உட்காரப்போவது மெல்போர்ன் பையன். ஐரோப்பாவின் காலை அவனுக்குச் சாயங்காலம், பள்ளி விட்டு வந்திருப்பான். பதினெட்டு வயதுக்குள் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இத்தாலிய அரசின் நினைவுச் சின்னங்களில் நுழைவு இலவசம் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: வேன் ஓட்டுபவர் வழிகாட்டி இல்லை. வாசல் வரை வருவார், வழியெல்லாம் கதை சொல்வார். உள்ளே வந்து விளக்க லைசென்ஸ் உள்ள வழிகாட்டியைத் தனியாக அமர்த்த வேண்டும்.

நேப்பிள்ஸுக்கு வேனே வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு. கப்பல் ஊர் நடுவிலேயே, காஸ்தெல் நுவோவோ கோட்டைக்கு எதிரே வந்து நிற்கிறது. டாக்சி பிடித்து கரிபால்டி நிலையம், அங்கிருந்து சர்க்கும்வெசுவியானா ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் பாம்பெய். கி.பி. 79இல் வெசுவியஸ் கக்கிய சாம்பலில் புதைந்த ஊர். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. டிக்கெட்டிலும் பெயர் உண்டு. இதற்காகவே காத்திருப்பவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார். தெருவில் வண்டிச் சக்கரம் அரைத்த தடம், சேற்றில் கால் வைக்காமல் தெருவைக் கடக்கப் போட்ட உயரக் கற்கள், அந்தக் கற்களுக்கு நடுவே சக்கரம் போக விட்ட சந்து, நடைபாதை ஓரம் இன்றும் தெரியும் ஈயக் குழாய். ஏ4 தாளில் இதையெல்லாம் வரைந்து, படம் பிடித்துக் குழுவில் போட்டார். “ஐயா, அன்றைக்கு நீங்களே எங்களுக்கு வழிகாட்டி” என்ற பொருளில் லீட்ஸ் அப்பா பதில் எழுதினார். அன்றிலிருந்து இந்த மனிதர் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்க்கிறார், சாப்பாட்டு மேசையில், எங்கள் எல்லோருக்கும்.

லிவோர்னோவில் நான் பீசாவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ரயிலில் இருபது நிமிடம், பிள்ளைகளுக்குப் புல்வெளி, பெரியவர்களுக்கு ஓய்வு. சாய்ந்த கோபுரத்தில் எட்டு வயது ஆகாதவர்களை ஏற விடமாட்டார்கள். மூன்று சின்னவர்களும் அந்த வயதைத் தாண்டியவர்கள், அதனால் படி ஏறலாம். கேப்டவுன் சகோதரிகள் மட்டும் ஃப்ளாரன்ஸ் போய் மைக்கலாஞ்சலோவின் தாவீதைப் பார்த்தே தீருவோம் என்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நிற்கும் அந்தச் சிலைக்காக அவர்கள் சேர்த்த பணமும் வருடமும் அவர்களுக்குத்தான் தெரியும். போகட்டும், ராத்திரி கதை கேட்போம்.

மயோர்காவின் பால்மாவில் 1912இலிருந்து ஓடும் மரப்பெட்டி ரயில் இருக்கிறது. திராமுந்தானா மலையைக் குடைந்து 27 கிலோமீட்டர் போய்ச் சோயெர் ஊரில் விடும். அங்கிருந்து டிராமில் கடற்கரை. பார்சிலோனாவில் சக்ராதா ஃபமீலியாவை வடிவமைத்த கௌதிதான் பால்மா பேராலயத்தையும் உள்ளே மாற்றியமைத்தவர், 1904 முதல் 1914 வரை. முதல் நாளும் கடைசி நாளும் அவர் கைவேலையில் முடிகிற மாதிரி நாட்கள் தாமாக அமைந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கப்பலுக்குள் நடக்கப்போவதும் குறைந்ததில்லை. எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கேபின். இரண்டு பால்கனிக்கும் நடுவே இருக்கும் தடுப்பைக் கேபின் உதவியாளரிடம் சொன்னால் சாவி போட்டுத் திறந்து மடக்கிவிடுவாராம். அத்தையும் மாமாவும் எங்களோடு ஒரே நீளத் திண்ணையில் காபி குடிக்கலாம். கேபின் சுவரும் கதவும் இரும்பு, காந்தம் ஒட்டும். பிள்ளைகள் காந்தத் தாளில் யானை, ஆட்டோ, ஜிகர்தண்டா டம்ளர் வரைந்து வெட்டியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான நீண்ட வராந்தாவில் நம் கதவு எது என்று தூரத்திலேயே தெரியும். காந்தக் கொக்கியில் ஈரத் துண்டும் தொங்கும். இஸ்திரிப் பெட்டி, சர்ஜ் புரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், தூக்கிப்போக வேண்டாம்.

முதல் சந்திப்பு இரண்டாம் நாள். அன்று முழுக்கக் கடல்தான், எந்த ஊரும் இல்லை. காலை பத்து மணிக்குக் கப்பலின் பின்முனை டெக்கில் கூடிப் பரிசு மாற்றிக்கொள்கிறோம். கோவில்பட்டி கடலை மிட்டாய்தான் எடுத்துப்போவதாக இருந்தோம். எக்செல் தாளில் இரட்டையரில் ஒருத்திக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்று இருந்தது; உடனே தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு மாறினோம், உள்ளங்கை உயரத்தில், குடும்பத்துக்கு ஒன்று. கப்பல் ஆடும்போது அதுவும் ஆடுமா என்று பெரியவன் ஆராய்ச்சி செய்யப்போகிறான்.

விசா வேலையும் ஓடுகிறது. ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் மூன்றும் ஷெங்கன் என்பதால் ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். துருக்கி போல வெளியே போய்த் திரும்பும் வழித்தடமாக இருந்தால் பல முறை நுழையும் விசா கேட்டு வாங்க வேண்டும். பார்சிலோனாவுக்கு ஒரு நாள் முன்பே போய்விடுகிறோம். விமானம் தாமதமானால் கப்பலைத் துரத்தும் ஆசை யாருக்கும் இல்லை.

மர்சேய் மட்டும் பாக்கி. பாதிப் பேர் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் சந்தைக்கு. மீதிப் பேர் பழைய துறைமுகத்திலிருந்து படகேறி ‘ஷாத்தோ திஃப்’ தீவுக் கோட்டைக்கு. அலெக்சாந்தர் துய்மா ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’வில் கதாநாயகனை அடைத்துவைத்த சிறை அதுதான், மெல்போர்ன் பையன் அந்தத் தடிப் புத்தகத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறான், வாரம் ஒரு முறை எங்களுக்குக் கதைச் சுருக்கம் வருகிறது. மிஸ்த்ரால் காற்று வீசினால் படகு போகாது, அதனால் இரண்டு திட்டமும் கையில் இருக்க வேண்டும் என்று ஹாலிஃபாக்ஸ் அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். வரும் ஞாயிறு மூன்றரை மணிக்கு வாக்கெடுப்பு. பையன் கதையை எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று அத்தை தினமும் கேட்கிறார். அவர் ஓட்டு தீவுக்குத்தான்.