சணப்பை மூடாக்கில் சர்க்கரைவள்ளி

செஞ்சிக் கோட்டை மலைகளைச் சுற்றியுள்ள செம்மண் காடுகளில் ஐப்பசி மழை சில நாள் அடித்துப் பெய்யும். புழுதி பறக்க உழுதுபோட்ட நிலமென்றால், மேல்மண்தான் முதலில் ஓடும். சர்க்கரைவள்ளி நடுவோர் இந்த மண்ணைக் காக்க ஒரு வழி உண்டு.

ஆவணியில் சணப்பை விதையுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாளில், பூக்கும் தருணத்தில் அறுத்து நிலத்தின் மேலேயே பரப்பிவிடுங்கள். மடக்கி உழ வேண்டாம். கிழங்கு பருக்க இளகிய மண் வேண்டும், உண்மைதான். அதற்கு வயல் முழுவதையும் புரட்டத் தேவையில்லை. இரண்டடிக்கு ஒரு வரிசை மட்டும் கொத்திப் பார் அணைத்து, மூன்று நான்கு கணுவுள்ள கொடித்துண்டுகளை நட்டால் போதும். இடைவெளியில் கிடக்கும் தழை களையை அடக்கும், ஈரத்தையும் காக்கும்.

சணப்பை வேர் தழைச்சத்தைச் சேர்த்து வைப்பதால் யூரியாவைக் குறையுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் கொடிதான் படரும், கிழங்கு சிறுக்கும்.

சர்க்கரைவள்ளியின் பெரும்பகை கூன்வண்டு. பெரும்பாலும் மண் வெடிப்பு வழியாகத்தான் அது கிழங்கை எட்டுகிறது. மூடாக்கு இருந்தால் வெடிப்பு குறையும். ஆனாலும் நட்ட ஒரு மாதத்தில் பாருக்கு மண் அணைக்கத் தவறாதீர்கள். வண்டு தாக்கிய வயலிலிருந்து கொடி வாங்காதீர்கள்.

ரகம் தேடுவோருக்கு: திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ கனகா, வைட்டமின் ஏ தரும் பீட்டா கரோட்டின் நிறைந்த ஆரஞ்சு நிறக் கிழங்கு.